அனுமதி இலவசம்

ஆகஸ்ட் 24

அண்ணிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறீர்கள், பேப்பரில் பார்த்துவிட்டேன்.

சலவைக் கடையில் அலமாரித் தட்டுகளில் விரிப்பதற்குப் பழைய பேப்பர் வாங்கி வைப்போம். இன்று காலை ஒன்றை விரித்து, இஸ்திரி போட்ட சட்டைகளை அதன்மேல் அடுக்கப் போனேன். அதிலிருந்து நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பின்னால் பெரிய கல் கட்டிடம், பித்தளைப் பிடி போட்ட கதவு. உங்கள் ஒரு கையில் துணி, இன்னொரு கையில் சாவிக்கொத்து. கீழே இப்படிப் போட்டிருந்தார்கள்: 'நகர மையத்தின் பழங்காலக் கட்டிடங்கள் செப்டம்பர் இரண்டாம் வார இறுதியில் பொதுமக்களுக்காகத் திறக்கப்படுகின்றன. படத்தில், பழைய வங்கியின் கதவைத் துடைக்கும் காப்பாளர். அனைவரும் வரலாம். அனுமதி இலவசம்.'

பெயர் போடவில்லை. எனக்குப் பெயர் தேவையும் இல்லை. அந்த வளைந்த சுண்டுவிரல் போதும். அதை வளைத்தபோது நான் பக்கத்து அறையில்தானே இருந்தேன்.

கையிலிருந்த சட்டைகள் எல்லாம் கீழே விழுந்துவிட்டன. "என்னடி, பேயைப் பாத்தியா?" என்று முதலாளியம்மா கத்தினார். "ஆமாக்கா, செத்துப்போச்சுன்னு நெனச்ச பேயி" என்றேன். இத்தனை வருடமாக நான் உங்களைச் செத்தவர்களோடுதான் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

நீங்கள் போன பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அண்ணன் முதலில் ஒன்றும் பேசவில்லை. டிப்போவுக்குப் போனார், பஸ் என்ஜினைக் கழற்றினார், வந்தார், சாப்பிட்டார். பிறகு ஒரு நாள் அம்மாவிடம், "எங்க போனா?" என்றார். "எனக்குத் தெரியாதுப்பா" என்றாள். நாற்காலியைத் தூக்கி ஒரே போடு. தோள்பட்டை எலும்பு உள்ளே உடைந்து தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் அம்மாவே சொன்னாள். அடுத்தது என் முறை. எனக்கும் தெரியாது என்பதை அவர் நம்புவதற்கு அன்று சாயங்காலம் வரை ஆயிற்று. என் முன்பல் ஒன்று இப்போது பல் டாக்டர் செய்து கொடுத்தது.

அவரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். அதுதான் நீங்கள் செய்தது.

அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். ஆனால் ஒரே ஒரு பேப்பரா அச்சடிப்பார்கள்? ஜாக்கிரதையாக இருங்கள். பாசத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். இன்னொரு தடவை தரையில் இரத்தம் கழுவ எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். பதில் எழுதுவதானால் கடை முகவரிக்கு எழுதுங்கள்.

சிட்டு


ஆகஸ்ட் 31

சிட்டுவுக்கு,

உன் கடிதத்தை மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். அத்தையின் தோளும் உன் பல்லும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுப் பார்த்தேன். நேர்மையாகச் சொன்னால், திரும்பி வந்திருக்க மாட்டேன். இதைப் படித்து நீ கோபப்படுவாய். படு.

உன்னிடம் சொல்லாமல் போனது, நீ காட்டிக்கொடுப்பாய் என்று பயந்தல்ல. உனக்குத் தெரிந்தால் உன் வாயிலிருந்து பிடுங்குவார் என்றுதான். தெரியாததையும் பிடுங்கப் பார்ப்பார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இங்கே நான் நான்காவது மாடியில் ஒரு சின்ன அறையில் இருக்கிறேன். கீழ் மாடிகளில் அலுவலகங்கள். சாயங்காலம் எல்லோரும் போனதும் வாசல் கதவைப் பூட்டுவேன், அதற்குள்ளே ஒரு கம்பிக் கதவு, அதையும் பூட்டுவேன். பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும். வருகிறவர்கள் தூண்களைப் பார்த்து, மேல்கூரைக் கண்ணாடியைப் பார்த்து அதிசயப்படுவார்கள். எனக்கு இந்தக் கட்டிடத்தில் பிடித்ததே பூட்டுகள்தான்.

படம் எடுத்தவர், "கதவைத்தாம்மா எடுக்கறேன், நீங்க பாட்டுக்குத் துடைங்க" என்றார். நான் பாட்டுக்குத் துடைத்தேன்.

உன் கடிதம் வந்த அன்றே மேனேஜரிடம் அந்த இரண்டு நாளுக்கு லீவு கேட்டேன். "நல்லா கேட்டீங்க போங்க! வருஷம் முழுக்க வெளியாளுங்களுக்குப் பூட்டியே கெடக்கற எடம், அந்த ரெண்டு நாளுக்குத்தான் உங்களை வெச்சிருக்கோம். அடித்தளத்துல அந்த லாக்கர் அறைய உங்களைத் தவிர யார் தொறப்பா?" என்றார். புருஷன் வந்து அடிப்பார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடும்ப விஷயம் என்றேன். "குடும்பத்தையும் வரச் சொல்லுங்க, அனுமதி இலவசம்தானே?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

லாக்கர் அறைக் கதவு எஃகு. அவ்வளவு கனத்தையும் ஒரு குழந்தை தள்ளினால் அசையும்படி கீல் வைத்திருக்கிறார்கள். அதைக் காட்டினால் கூட்டம் கைதட்டும். அதற்குத்தான் நான்.

எனக்கும் உன்மேல் ஒரு குறை உண்டு, இப்போது கேட்டுவிடுகிறேன். எனக்கு அடி விழும்போதெல்லாம் நீ ரேடியோவைச் சத்தமாக வைப்பாய். அது தெருவுக்குக் கேட்கக் கூடாது என்றா, உனக்குக் கேட்கக் கூடாது என்றா?

அண்ணி


செப்டம்பர் 10, வியாழன்

அண்ணி,

இது எப்போது கிடைக்குமோ தெரியாது. அவசரத் தபாலில் போடுகிறேன். நாளைக்கே கிடைக்கலாம், திங்கட்கிழமையும் ஆகலாம்.

அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. டிப்போ கேன்டீனில் எவனோ, "இது உன் சம்சாரம் மாதிரி இல்ல?" என்று பேப்பரை நீட்டியிருக்கிறான். அண்ணன் கத்துவார், எதையாவது உடைப்பார் என்று நினைத்தேன். இல்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார், அண்ணி. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முடி வெட்டிக்கொண்டார். "உன் அண்ணியக் கூட்டிட்டு வரப் போறேன், என் வெள்ளைச் சட்டையை நல்லா தேச்சு வை" என்றார். நான் தேய்த்தேன். காலருக்குக் கஞ்சிகூடப் போட்டேன். மாட்டேன் என்றால் அந்த இஸ்திரிப் பெட்டி எங்கே வந்து விழும் என்று உங்களுக்குத் தெரியாதா?

சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸாம். அம்மா வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கப் போகிறாள். உங்களுக்கும் சேர்த்து. திரும்பி வரும்போது இரண்டு பேரும் சாப்பிடுவீர்களாம்.

கடைப் போனிலிருந்து உங்கள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். எடுத்தவர், சொந்த விஷயத்துக்கெல்லாம் ஆளைக் கூப்பிட முடியாது, சேதி இருந்தால் சொல்லுங்கள் என்றார்.

"அவர் வர்றார்னு சொல்லுங்க."

"யாரு வர்றாரு?"

"அப்படிச் சொன்னாலே புரியும் சார்."

"சனி ஞாயிறு ஊரே வருதும்மா" என்று வைத்துவிட்டார்.

ரேடியோ எனக்காகத்தான். உங்கள் சத்தம் கேட்டால் என் கால் தானாக அந்த அறைக்குள் போய்விடும். போனால் எனக்கும் விழும். நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

எங்காவது போய்விடுங்கள்.

சிட்டு


செப்டம்பர் 20

சிட்டுவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்ததாம். அதற்கு முந்தின நாளே எல்லாம் முடிந்துவிட்டது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. இடது கண்ணுக்கு மேலே தையல். எழுதும் கைக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி அறை வாசலில் ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்திருக்கிறாள். நான் யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டாள். நாத்தனாருக்கு என்று எழுதிக் காட்டினேன். "அடிச்சவன் தங்கச்சிக்கா?" என்று ஆச்சரியப்பட்டாள்.

உன் போன் சேதி எனக்கு வந்தது. வெள்ளிக்கிழமையே அந்தக் கிளார்க் சொன்னார்: "உங்க வீட்டுலேருந்து யாரோ வர்றாராமே, சந்தோஷம்தானே?" அப்போதே ஓடியிருக்கலாம். மூட்டை கட்டினேன், பிறகு பிரித்துவிட்டேன். நாலு பேர் முன்னால் அவர் கை நீட்டியதே இல்லை, உனக்கும் தெரியும். ஊரே வருகிற இரண்டு நாளில் என்னை என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன். கூட்டத்தைப் பூட்டு மாதிரி நம்பினேன்.

சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வரிசை கட்டிடத்தைச் சுற்றி வளைந்து பின்தெருவரை நின்றது. பிள்ளைகள் பளிங்குத் தரையில் வழுக்கி விளையாடின. வங்கியில் முன்னே கேஷியராக இருந்த ஒருவர்தான் எல்லோருக்கும் சுற்றிக் காட்டினார். எப்போதும் தொப்பி போட்டிருப்பார், நாங்கள் தொப்பிக்காரர் என்போம். கத்திக் கத்தி ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் அவர் தொண்டை கட்டிவிட்டது. அடித்தளத்துக்கு வருகிற கூட்டத்தை நீங்களே கவனியுங்கள் என்று என்னிடம் கையால் சொன்னார்.

கடைசிக்கு முந்தின கூட்டத்தில் அந்த வெள்ளைச் சட்டை இருந்தது. நெஞ்சில் 'பார்வையாளர்' என்று வட்டச் சீட்டு ஒட்டியிருந்தது. கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, நல்ல மாணவனைப் போல நின்றார். நான் கதவைப் பற்றிச் சொல்லி முடித்தேன். ஒரு சின்னப் பெண் ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார்.

"ஒரு சந்தேகங்க" என்றார். "உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டா, உள்ளேருந்து தொறக்க முடியுங்களா?"

"முடியாது" என்றேன்.

"கத்தினா வெளிய கேக்குமா?"

"கேக்காது."

"ஐயோ, நல்லா கேக்கறாருய்யா கேள்வி!" என்று ஒரு அம்மாள் சிரித்தார். கூட்டமே சிரித்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சரி, கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்பதைப் போல.

கூட்டம் மேலே ஏறியது. ஒருத்தி குழந்தை வண்டியைத் தூக்க முடியாமல் திணறினாள். அவர் ஓடிப்போய்ப் பிடித்து மேல்படிவரை தூக்கிக் கொடுத்தார். போய்விட்டார் என்று மூச்சு விட்டேன். யாரும் உள்ளே தங்கிவிடவில்லை என்று பார்த்த பிறகுதான் அடுத்த கூட்டத்தை அழைக்க வேண்டும். லாக்கர் அறைக்குள் நின்று, இழுத்துக் காட்டிய பெட்டிகளைத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தேன்.

"நல்ல எடமாத்தான் பாத்து ஒளிஞ்சிருக்க" என்று பின்னால் குரல்.

திரும்புவதற்குள் முதல் அடி. தாடை எஃகு மேஜையின் முனையில் போய் மோதியது. உள்ளே ஏதோ கழன்று நாக்கில் வந்து விழுந்தது. கீழே கிடந்தவளை வயிற்றில் உதைத்தான். பிறகு மேலே உட்கார்ந்து கழுத்தைப் பிடித்தான். அவனிடம் கத்தியோ கம்பியோ எதுவும் இல்லை, சிட்டு. அவனுக்கு என்றுமே கை போதும். முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. கோபமே இல்லை. பஸ் நட்டை முறுக்குகிறவன் முகம்தான் இருந்தது. "கத்து. கேக்காதுன்னு நீதான சொன்ன?" என்றான்.

என் கைக்கு ஒரு தகரப் பெட்டி அகப்பட்டது. எதில் அடிக்கிறேன் என்று பார்க்காமல் அடித்தேன். காதில் பட்டிருக்கும்போல. பிடி தளர்ந்தது. தவழ்ந்தேன், வாசல்படியைத் தாண்டினேன், வெளியே வந்து கதவைத் தள்ளினேன். குழந்தை தள்ளினாலே அசையும் கதவு. நான் தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

அவன் வலது கை இடையில் இருந்தது.

சாவிக்கொத்து தரையில் விழுந்ததைப் போல ஒரு சத்தம் கேட்டது. சாவிக்கொத்து என் இடுப்பில்தான் இருந்தது.

பிறகு கொஞ்சம் கதவை விட்டேன். பிறகு மறுபடி தள்ளினேன். அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த கூட்டம் படியில் இறங்கியது. அவர்கள் பார்த்தது என் முதுகையும், கதவிடுக்கில் ஒரு கையையும்தான். "விடும்மா! ஐயோ, கையி! விடும்மா!" என்று யாரோ அலறினார்கள். தொப்பிக்காரர் சத்தமே வராத வாயால் ஏதோ கத்தினார். நான் விடவில்லை. இரண்டு ஆண்கள் என்னை இழுத்துக் கீழே தள்ளித்தான் கதவைத் திறக்க முடிந்தது.

சமாதானம் பேசிக் கூட்டிப்போக வந்தானாம், நான் கையை வைத்து நசுக்கினேனாம், வலி தாங்காமல்தான் என்னை அடித்தானாம். அவன் வாக்குமூலம் அது. கொடுங்காயம் ஏற்படுத்தியதாக என்மேல் வழக்கு. "உங்களை அடிச்சது முன்னாடியா, கை மாட்டினதுக்குப் பிறகா? பாத்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். அந்த அறைக்குள் பார்த்தவர் யார்? ஆனால் அந்த வீட்டுக்குள் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. அதனால் கேட்கவில்லை.

அண்ணி


அக்டோபர் 3

அண்ணி,

நீங்கள் 'அவன்' என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் சுருக்கென்றது. என்ன இருந்தாலும் என் அண்ணன். பிறகு கடையில் யாரும் இல்லாதபோது நானும் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். போன வாரம் வீட்டுக்கு வந்தாயிற்று. நான்தான் ஊட்டிவிடுகிறேன், நான்தான் பொத்தான் போட்டுவிடுகிறேன். அக்கம்பக்கத்தார் வந்து உச்சுக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். "உழைச்சுச் சாப்பிட்ட கையாச்சே" என்று அம்மா அவர்கள் முன்னால் அழுகிறாள். உங்களைப் பற்றி அவள் சொல்வதையெல்லாம் எழுதினால் தபால்காரர்கூட இந்தக் கடிதத்தைத் தொட மாட்டார்.

இடது கை பழகிக்கொண்டு வருகிறது. முதலில் கரண்டி பிடித்தது. பிறகு சீப்பு. நேற்று அம்மாவின் கன்னம்.

வக்கீல் ஒருவர் வீட்டுக்கு வந்தார். டைப் அடித்த வாக்குமூலம் கொண்டுவந்தார். மகன் மருமகளைக் கைநீட்டி அடித்ததே இல்லை, மருமகள்தான் முன்கோபி, சாமான்களைத் தூக்கி எறிவாள், சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனாள் என்று இருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். எனக்கும் ஒன்று தனியாக அடித்து வைத்திருந்தார். கண் வலிக்கிறது, நாளைக்குப் படித்துப் பார்த்துப் போடுகிறேன் என்றேன். "நாளைக்குப் போட்டுருவா சார்" என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் ஒன்று கேட்க வேண்டும். சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள். கொஞ்சம் விட்டேன், மறுபடி தள்ளினேன் என்று ஒரே மூச்சில் எழுதித் தாண்டிவிட்டீர்கள். முதல் தடவை தள்ளியது எனக்குப் புரிகிறது. இரண்டாவது தடவை எதற்கு? கோபமா? பழைய கணக்கா? அதுதான் காரணம் என்றாலும் சொல்லுங்கள். தினமும் அந்தக் கட்டை நான்தான் அவிழ்த்துக் கழுவிக் கட்டுகிறேன். எதைக் கழுவுகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சிட்டு


அக்டோபர் 10

சிட்டுவுக்கு,

தாடைக் கம்பியை அவிழ்த்துவிட்டார்கள். கஞ்சி மட்டும் குடிக்கலாம். தொப்பிக்காரர் ஜாமீன் கொடுத்து என்னை வெளியே எடுத்திருக்கிறார். அவர் வீட்டு மாடியில் இருக்கிறேன்.

அந்த இடத்தைத் தாண்டித்தான் எழுதினேன். நீ கண்டுபிடித்துவிட்டாய். இன்ஸ்பெக்டரிடமும் சரியாகச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

கை மாட்டியதும் அலறினான். பிறகு குரல் மாறியது. "கண்ணு, வலிக்குது கண்ணு. தெறந்துவிடு. நான் போயிடறேன். இனிமே உன் பக்கமே வரமாட்டேன்." அந்தக் குரல் உனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அடித்து முடித்த பிறகு, ஈரத் துணியோடு வந்து என் முகத்தைத் துடைக்கும்போது வரும் குரல். ஒரு தடவைகூட அது உண்மையாக இருந்ததில்லை. வாய் நிறைய இரத்தத்தோடு, கழுத்தில் அவன் விரல்தடத்தோடு, நான் அதை மறுபடியும் நம்பினேன், சிட்டு. ஐயோ பாவம் என்றுகூட நினைத்தேன். கதவை விட்டேன்.

இடுக்கு வழியாக இடது கை வந்தது. என் பின்னலைப் பிடித்துச் சுற்றி இழுத்தது. கதவு விளிம்பில் முகத்தை ஒரு முறை மோதினான், இரண்டாம் முறை மோதினான். புருவம் கிழிந்தது அப்போதுதான். "உன்ன முடிச்சிட்டு வீட்டுக்குப் போய் அவளுங்களை முடிக்கறேன்" என்றான். நான் முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினேன். வலது கை அங்கேயே இருந்தது, தெரிந்துதான் தள்ளினேன். முடி வேரோடு பிய்ந்தது. இடது கையை அவன் உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் கூட்டம் வந்திருக்க வேண்டும்.

மறுபடி தள்ளியதற்கு நான் வெட்கப்படவில்லை. இடையில் திறந்தேனே, அதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

நீ அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவாயோ மாட்டாயோ, என்னிடம் சொல்ல வேண்டாம். போடாவிட்டால் உனக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இங்கே உட்கார்ந்துகொண்டு உனக்குத் தைரியம் சொல்ல மாட்டேன்.

அண்ணி


நவம்பர் 22

அண்ணி,

கோர்ட்டில் பார்த்துக்கொண்டோம், ஆனால் நடுவில் போலீஸ், வக்கீல், கூட்டம். அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்கான கூலி அன்றைக்கே கிடைத்தது. அடுப்படியில் என்னைச் சுவரோடு சாய்த்து, இடது கையால் தொண்டையைப் பிடித்தான். ஒரு கை குறைந்ததால் பலம் குறைந்துவிடவில்லை, இரண்டு கைப் பலமும் ஒன்றில் இறங்கியிருக்கிறது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. என் கைக்கு அந்தக் கட்டு அகப்பட்டது. பிடித்து நசுக்கினேன். நான் தினமும் பூப்போலக் கழுவிய புண்ணை, இருக்கிற பலமெல்லாம் சேர்த்து நசுக்கினேன். அவன் தொண்டையை விட்டுவிட்டான். தரையில் விழுந்து அலறினான். நான் விடவில்லை. "விடுடி! பாவி, விடுடி!" என்று அம்மா என் முதுகில் அடித்தாள். எனக்கு விடத் தோன்றவே இல்லை. நான் எழுதிக் கேட்டேனே ஒரு கேள்வி, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து முதலாளியம்மா வீட்டில்தான் படுத்தேன். மறுநாள் நேராக ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் சுண்டுவிரலிலிருந்து தொடங்கி.

கோர்ட்டில் நான் சொன்னதை நீங்களே கேட்டீர்கள். "சொந்த அண்ணனுக்கு எதிரா இப்படிச் சொல்லச் சொன்னது யாரு?" என்று அந்த வக்கீல் என்னைப் புழு மாதிரி பார்த்தார். யாரும் சொல்லவில்லை என்றேன். நீதிபதி எழுதிக்கொண்டே இருந்தார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அம்மாவை ஏற்றினார்கள். நீங்கள் தலை குனிந்திருந்தீர்கள், அடுத்து நடந்ததைச் சரியாகப் பார்த்தீர்களோ என்னவோ. "எம் புள்ள யாரையும் கைநீட்டி அடிச்சதே இல்லீங்க ஐயா. தங்கமான புள்ள" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் கூண்டுக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்க இடது கையைத் தூக்கினான். அவ்வளவுதான். வேறொன்றுமில்லை, முடியைத்தான் ஒதுக்கினான்.

அம்மா சட்டென்று குனிந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். கூண்டுக்குள் அப்படியே குந்திவிட்டாள். "இல்லப்பா, இல்லப்பா, சொல்லிட்டேம்ப்பா" என்றாள்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "எழுந்திருங்கம்மா, யாரும் அடிக்க மாட்டாங்க" என்றார். அம்மாவுக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை. நான்தான் போய்த் தூக்கிவிட்டேன். அவள் தோள் என் கையில் உதறியது. அதற்குப் பிறகு அந்த வக்கீல் எதைக் கேட்டாலும் யார் காதிலும் ஏறவில்லை.

உங்கள்மேல் இருந்த வழக்கு தள்ளுபடி. அவன்மேல் கொலை முயற்சி வழக்கு. அழைத்துப் போகும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். என்னோடு பேசுவதில்லை. மகனை ஜெயிலில் போட்டது நான்தானாம். கூண்டில் குந்தியதைப் பற்றிக் கேட்டால் தலை சுற்றியது என்கிறாள்.

வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். இத்தனை அமைதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. அவனை எங்களிடம் விட்டுவிட்டுப் போனீர்கள் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அது முழு உண்மை இல்லை. நீங்கள் போன அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்தோம். நான் தூங்கவில்லை. நீங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனதைக் கண்ணை மூடிக்கொண்டே கேட்டேன். என் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றீர்கள். கூப்பிடுவீர்கள் என்று நினைத்தேன். கூப்பிட்டிருந்தால் கட்டிய துணியோடு எழுந்து வந்திருப்பேன். நீங்கள் கூப்பிடவில்லை.

என் கோபமெல்லாம் அதுதான், அண்ணி.

சிட்டு


நவம்பர் 28

சிட்டுவுக்கு,

தலைமாட்டில் நின்றது உண்மை. நீ தூங்குகிறாய் என்றுதான் நினைத்தேன். எழுப்பினால் சத்தம் கேட்டு அவன் எழுந்துவிடுவான் என்று பயம். பயந்ததில் தப்பில்லை. ஆனாலும் எழுப்பியிருக்கலாம்.

வங்கி வேலையை விட்டுவிட்டேன். தினமும் யாராவது மணியடித்து, "அந்தக் கதவைப் பாக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கையைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒருவர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அடுத்த வருடம் இன்னும் பெரிய வரிசை நிற்கும் என்று மேனேஜர் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார். பின்தெருவில் ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அங்கே இன்னொரு ஆள் வேண்டுமாம், சொல்லி வைத்திருக்கிறேன். தொப்பிக்காரர் வீட்டு மாடி அறையில் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது, பஸ் சத்தம் கேட்கும், பழகிவிடும். தூக்கத்தில் நான் சில நாள் கத்துவேன். அதற்கு நீதான் பழகிக்கொள்ள வேண்டும்.

அத்தைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதிய பஸ்ஸில் வா. நிலையத்தில் கூட்டமாக இருக்கும், இறங்கி என்னைத் தேடிக்கொண்டு நிற்காதே. நானே உன்னைக் கூப்பிடுகிறேன். தாடை இன்னும் முழுதாகத் திறப்பதில்லை. கத்திக் கூப்பிட இன்னும் சில மாதம் ஆகும் என்றுதான் டாக்டர் சொன்னார். இன்று காலை ஜன்னலில் நின்று பழகிப் பார்த்தேன். தெருவில் போன ஒரு ஆள் நின்று மேலே பார்த்தார், அவ்வளவு தூரம் கேட்கிறது. சிட்டு என்று கூப்பிட வாயை ரொம்பத் திறக்க வேண்டியதில்லை.

அண்ணி